தண்ணி வருதா?

கடற்கரை ஊர்க்காரன் என்று பேர்தானே தவிர, எங்கள் வீடு சுத்த சைவம். தூத்துக்குடியிலேயே பிறந்து, இங்கேயே படித்து, சுற்றிச் சுற்றி இந்தக் கடலோரக் கிளைகளிலேயே 31 வருடம் வங்கியில் குப்பை கொட்டிவிட்டு ஓய்வுபெற்றேன். அந்த 31 வருடத்தில் என் கையெழுத்தோடு கடலுக்குப் போன அவுட்போர்டு இன்ஜின்களுக்குக் கணக்கே இல்லை. விண்ணப்பம், மானியம், ஜாமீன், இன்சூரன்ஸ் எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். இன்ஜினைத்தான் பார்த்ததில்லை. பார்த்ததே இல்லை என்றால் அது பொய். வெயில் ஏறுவதற்குள் திரேஸ்புரம் கடற்கரைக்குப் போவேன். செருப்புக்குள் மணல் ஏறாத தூரத்தில் நிற்பேன். யாராவது இன்ஜின் நம்பரைச் சத்தமாகப் படிப்பார்கள். நான் தாளோடு ஒத்துப் பார்த்து, 'இன்ஜின் நல்ல நிலையில் இயங்குகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஒரு தடவை ஒரே இன்ஜினை மூன்று வள்ளத்தில் பார்த்து மூன்று ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன் என்பது என் பிரிவு உபசார விழாவில்தான் தெரியவந்தது. சொன்னவர்கள் பிரியமாகத்தான் சொன்னார்கள். மாலையும் அவர்களே போட்டார்கள்.

இப்பேர்ப்பட்டவன், பணிக்கொடை வந்த கையோடு ஒரு சின்ன ஃபைபர் வள்ளமும் அதற்கு 8 குதிரைத்திறனில் ஒரு பழைய ஜப்பான் இன்ஜினும் வாங்கினேன்.

"மீனே திங்காதவருக்கு வள்ளம் எதுக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"சும்மா கடல்ல போயி இருந்துட்டு வரத்தான்."

"சும்மா இருக்கதுக்கு வீடு போதாதா? இத்தன வருசமா இங்கனதான இருக்கீங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அதிகாலையில் கிளம்பி, கரை மங்கலாகத் தெரிகிற தூரம் போய், வலை இல்லாமல், தூண்டில் இல்லாமல், டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவேன். கடற்கரையில் என் வள்ளத்துக்குத் 'தயிர்சாத வள்ளம்' என்று பேர் விழுந்துவிட்டது. நான் பெயிண்டில் எழுதிவைத்த பேர் வேறு. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்கு. நாட்டுப்படகுக்கும் என் வள்ளத்துக்கும் தடை கிடையாது. தவிரவும் நான் மீன் பிடிக்கிறவனே இல்லை. ஆனாலும் அரசாணை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கை கட்டிக்கொள்ளும். இன்ஜினைக் கழற்றி, ஆட்டோவில் நோயாளியைப் போலக் கிடத்தி வீட்டுக்குக் கொண்டுவந்து, புறவாசலில் ஒரு பழைய பெஞ்சின் ஓரத்தில் மாட்டி, 61 நாளும் சிரத்தையாகத் தடைக்காலம் அனுசரித்தேன். இந்த 61 நாளில் வேறொரு ஜீவன் அந்த இன்ஜினைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். எனக்கே பிறகுதான் தெரியும்.

ஜூன் 15-ம் தேதி காலை, பூவெல்லாம் வைத்து வள்ளத்தை இறக்கினேன். இருபது பாகம் போவதற்குள் பக்கத்து வள்ளத்தில் வந்த பெரியவர் கையைக் காட்டிக் கத்தினார். "மேனேஜரய்யா, தண்ணி சரியாப் பீச்சலையே! வெரசா கரைக்கு வாரும்!"

அவுட்போர்டு இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது. கடல்தான் ரேடியேட்டர். கீழே கியர் பெட்டியின் பக்கத்தில் சல்லடை வைத்த மாதிரி ஒரு வாய் இருக்கும். அதற்கு மேலே, இன்ஜினிலிருந்து இறங்குகிற தண்டிலேயே கோத்து, ஒரு ரப்பர் சக்கரம். இம்பெல்லர் என்பார்கள். அது சுற்றுகிற சுற்றில் கடல்தண்ணீர் ஒரு குழாய் வழியாக மேலே ஏறி, சிலிண்டரைச் சுற்றி ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு சேர்ந்து கீழே கடலுக்கே போய்விடும். அதில் கொஞ்சூண்டு மட்டும் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை வழியாக வெளியே பீச்சும். அது ஓட்டுகிறவன் பார்ப்பதற்காக. உள்ளே தண்ணீர் ஓடுகிறது, இன்ஜின் கருகாது, தைரியமாகப் போ என்று அர்த்தம். இங்கிலீஷ்காரன் அந்த ஓட்டைக்குக் 'கோள்சொல்லி' என்று பேர் வைத்திருக்கிறான். எனக்கு மூன்றடி தள்ளி விழுகிற அளவுக்குக் கோள் சொல்லிக்கொண்டிருந்த ஓட்டை, இப்போது இன்ஜின் மேலேயே வழிந்துகொண்டிருந்தது.

கரைக்கு வந்து மெக்கானிக் தம்பிக்கு போன் போட்டேன். அவன் அப்பாவின் முதல் இன்ஜினுக்குக் கடன் கொடுத்தவன் நான். அதனால் போனை எடுப்பான். அவன் கேட்ட முதல் கேள்வி, "தலை சுடுதா சார்?" கையை வைத்துப் பார்த்தேன். ஜூன் மாதத்துத் தூத்துக்குடி வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற இன்ஜின். சுரீர் என்றது. "கொதிக்கு தம்பி" என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள், சாயங்காலம் பேசலாம் என்றான்.

சாயங்காலம் வீட்டு முற்றத்தில் நடந்துகொண்டே பேசினேன். மனைவி சமையலறையில் இருந்தாள். அவள் காதில் விழுந்தது என் பக்கத்துப் பேச்சு மட்டும்.

"ஆமா தம்பி, முன்ன மாதிரி வேகமே இல்ல... முன்னல்லாம் மூணடி தள்ளி விழும், இப்ப காலடியிலயே விழுது... விட்டு விட்டுத்தான் வருது. கடைசில சொட்டு நீலம் மாதிரி... ரெண்டு மாசமா உபயோகமே இல்லப்பா, சும்மாதான் கெடந்துது... வயசாயிட்டுல்லா, எத்தன நாளைக்குத்தான் தாங்கும்... கழட்டிப் பாத்தாத்தான் தெரியுமா? முழுசாவா?... சரி, நீ வந்து கைய வையி. பத்து நாள் பொறுத்துக்கிடுதேன்."

மறுநாள் காலை காபிக்குப் பதில் பார்லித் தண்ணீர் வந்தது. மத்தியானம் வாழைத்தண்டுக் கூட்டு. ராத்திரி வாழைத்தண்டுப் பொரியல். மறுநாள் வாழைத்தண்டை அரைத்து ஜூஸ், அதோடு நீர்முள்ளிக் கஷாயம். மூன்றாம் நாள் வாழைத்தண்டு மோர்க்கூட்டைப் பார்த்ததும், எங்கேயோ வாழைத்தோப்பு சாய்ந்துவிட்டது, மலிவாகக் கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மனைவி வழக்கத்துக்கு மாறாக என்னை எதற்கும் கோபிக்கவில்லை. பரிமாறும்போது முகத்தில் ஒரு பரிதாபம். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அன்று ராத்திரி கோயம்புத்தூரிலிருந்து மகள் பேசினாள். "அப்பா, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. அறுபது தாண்டினா எல்லாருக்கும் வாரதுதான். வியாழக்கிழமைக்கு டோக்கன் போட்டாச்சு. ஆனா அம்மாட்ட சொல்லாம, தெருவுல போற யாரோ தம்பிகிட்ட கழட்டிப் பாக்கச் சொன்னீங்களாமே? அவன் எம்.பி.பி.எஸ்.ஸாவது படிச்சிருக்கானாப்பா?"

எனக்கு விளங்கவே ஒரு நிமிடம் ஆயிற்று. விளக்கிச் சொல்ல அரை மணி ஆயிற்று. அப்படியும் போட்ட டோக்கனை வீணாக்கக் கூடாது என்று வியாழக்கிழமை போனோம். டாக்டரும் பார்த்துவிட்டு, வயதுக்குத் தகுந்தபடி கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது என்று ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்ஜின் புண்ணியத்தில் எனக்கு ஒரு வியாதி மிச்சம்.

மெக்கானிக் தம்பி பத்து நாள் தவணை சொன்னபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தான். "நான் வாறவரைக்கும் ஒண்ணையும் கழட்டிராதீங்க சார்." கடன் வாங்கியவர்களுக்கு நான் போட்ட நிபந்தனைகளை அவர்கள் எப்படி மதித்தார்களோ, அப்படியே நானும் மதித்தேன்.

இன்ஜின் கையேட்டில் 'நீரோட்டம் குறைவு' என்று ஒரு பக்கம் இருந்தது. தண்ணீர் நுழைகிற வாயில் தொடங்கி, பம்ப், குழாய், தெர்மோஸ்டாட் என்று மேலே மேலே போய், கடைசியில்தான் அந்தக் கோள்சொல்லி ஓட்டை. ஒரு ஃபைலை முதல் தாளிலிருந்துதான் பார்க்க வேண்டும் என்று பழகிய கை. தண்ணீர் போகிற வழியே நானும் போவது என்று முடிவுசெய்தேன்.

வாயில் ஒரு பால் கவர் கிழிசலும் கொஞ்சம் கடல்பாசியும் இருந்தன. எடுத்தேன். வியாதியைக் கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தில், ஓட்டிப் பார்க்கத் தண்ணீர் தேடினேன். புறவாசலில் 200 லிட்டர் நீல டிரம் நிறைந்திருந்தது. எங்கள் தெருவுக்குக் குழாய்த்தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அன்று வராத நாள். அந்த டிரம்மில் இருந்தது மறுநாள் காலை வரை வீட்டுக்கான தாமிரபரணி மொத்தமும். மனைவி கோவிலுக்குப் போயிருந்தாள்.

பெஞ்சை டிரம்முக்கு அருகே இழுத்து, இன்ஜினின் காலை உள்ளே இறக்கினேன். வாயும் பம்பும் முழுகுகிற அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும் என்று கையேடு சொல்லியிருந்தது. இருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த பேரன் திண்ணையில் உட்கார்ந்து கைதட்டத் தயாராக இருந்தான். கயிற்றை இழுத்தேன். பிடித்துக்கொண்டது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடு லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலந்து எரிகிறது. அந்தப் புகை தண்ணீருக்கு அடியிலிருந்து கிளம்பி, டிரம் பெரிய அண்டா ரசம் மாதிரி நுரைத்துக் கொதித்தது. கச்சான் காற்று நீலப் புகையை அள்ளிக்கொண்டுபோய் கிழக்கு வீட்டில் போட்டது. அந்த வீட்டு அண்ணாச்சி வாளியோடு ஓடிவந்தார். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, டெஸ்ட்!" என்று திரும்பிக் கத்தும்போது என் முழங்கை கியர் நெம்புகோலில் பட்டது.

புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு ஓட்ட வேண்டும் என்று அதே கையேட்டில் அடுத்த பக்கத்தில் போட்டிருந்தார்கள். நான் இன்னும் பக்கத்தைத் திருப்பியிருக்கவில்லை. வள்ளத்தைத் தள்ளுகிற விசை அத்தனையும் டிரம்முக்குள் சுழன்றது. தாமிரபரணி எழுந்து நின்றது. பிறகு என் மேலும், அண்ணாச்சி மேலும், கொடியில் காய்ந்த சேலைகள் மேலும், துளசி மாடத்தின் மேலும் சமமாகப் பகிர்ந்து விழுந்தது. டிரம் அடிவரை காலி. இன்ஜின் மட்டும் வெறும் டிரம்மில் ஓலமிட்டுக்கொண்டிருந்தது. நிறுத்துகிற பொத்தான் சிவப்பாக, என் மூக்குக்கு நேரே இருந்தது. கண்ணாடியில் ஆயில் தண்ணீர் வழிந்ததால் தெரியவில்லை. தடவித் தடவிக் கண்டுபிடிக்க அரை நிமிடம் ஆயிற்று. பேரன் கைதட்டி முடித்திருந்தான்.

இம்பெல்லர் ரப்பர். தண்ணீர்தான் அதற்கு எண்ணெய். தண்ணீரில்லாமல் சில நொடி சுற்றினாலே உலோகக் கிண்ணத்தில் உரசிச் சூடாகிக் கருகும். இரண்டு மாதம் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்து விறைத்த ரப்பர் என்றால் கேட்கவே வேண்டாம். அடுத்த தண்ணீர் நாளில், ஊருக்குப் போயிருந்த மைத்துனி வீட்டு வாளியில் (அங்கேதான் அனுமதி கிடைத்தது) இன்ஜினின் காலை விட்டு ஓட்டிப் பார்த்தேன். முன்பாவது சொட்டு நீலம். இப்போது அதுவும் இல்லை.

ஆக, கியர் பெட்டியைக் கழற்றியாக வேண்டும். அலுமினியத்துக்குள் ஸ்டெயின்லெஸ் போல்ட், நடுவில் உப்புத்தண்ணீர். இந்த மூன்றும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து, போல்ட் இறுகிக்கொள்ளும். தேங்காயெண்ணெய் விட்டேன். வெந்நீர் ஊற்றினேன். வீட்டில் சுத்தியல் இல்லாததால் அம்மிக்குழவியை எடுத்து ஸ்பேனரில் தட்டினேன். ஐந்தாவது தட்டில் போல்ட் அசைந்தது, குழவியில் ஒரு சில்லு தெறித்தது. அம்மியில் அரைத்த சட்னியில் இன்றைக்கும் அந்த இடம் தெரியும்.

திறந்து பார்த்தால் ஆறு இதழ் இருக்க வேண்டிய இம்பெல்லரில் ஐந்துதான் இருந்தன. மற்றவர்கள் என்ன செய்வார்களோ, வங்கிக்காரனுக்கு இது பேரிடி. கேஷ் டாலி ஆகவில்லை. ஒரு இதழ் குறைகிறது என்றால் அது எங்கோ போயிருக்கிறது. கீழே விழ வழியில்லை. தண்ணீரோடு மேலே ஏறி, ஏதோ ஒரு சந்தில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். புது இம்பெல்லரைப் போட்டுவிட்டு இதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதற்கு மாத்திரையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதலில் புது இம்பெல்லர் வாங்கி மாட்டினேன். இதழ்களைச் சுற்றுகிற திசைக்கு எதிராகச் சாய்த்து, தண்டை மெல்லத் திருப்பிக்கொண்டே இறக்க வேண்டும். அழகாகச் செய்தேன். கியர் பெட்டியைத் தூக்கி மாட்டி, போல்ட்டுகளை முறுக்கி, ஓட்டினால் ஒரு துளி வரவில்லை. மறுபடி கழற்றினேன். எல்லாம் இருந்தது. மறுபடி மாட்டினேன். வரவில்லை. மூன்றாம் தடவை கழற்றும்போதுதான் கையேட்டுப் படத்தில் ஒன்று கண்ணில் பட்டது. தண்டுக்கும் இம்பெல்லருக்கும் நடுவே அரைப்பிறை வடிவில் ஒரு சின்ன இரும்புத் துண்டு. 'கீ' என்பார்கள். அது இருந்தால்தான் தண்டு சுற்றும்போது இம்பெல்லரும் சுற்றும். இல்லாவிட்டால் தண்டு தன்பாட்டுக்குச் சுற்றும். இம்பெல்லர் தூண் மாதிரி நிற்கும். ஓய்வுபெற்றவனும் குடும்பமும் மாதிரி என்று வையுங்கள்.

வீடு முழுக்கத் தேடினோம். காந்தத்தைக் கயிற்றில் கட்டிப் புறவாசல் மண்ணைத் துழாவினேன். நாலு ஆணிதான் கிடைத்தது. கடைசியில் அந்தக் கீ, கிரீஸோடு என் செருப்பின் அடியில் ஒட்டியிருந்தது. மூன்று நாளாக என்னோடு ரேஷன் கடை, பென்ஷன் வாங்குகிற கிளை, சிவன் கோவில் வாசல் வரை நடந்துவிட்டு வந்திருந்தது. கோவிலில் செருப்பைக் கழற்றிப் போட்ட இடத்தில் யாராவது மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி முடிந்திருக்கும்.

கீயைப் போட்டு மாட்டினேன். தண்ணீர் வந்தது. எப்படி வந்தது? முதல் நாள் வந்தது போலவே. சொட்டு நீலம். எட்டு நாள் பாடுபட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தேன். ஆனால் காணாமல்போன இதழ் பாக்கி இருக்கிறதே. குற்றவாளி அதுதான் என்று மனம் அடித்துச் சொன்னது.

மேலே தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு உப்பளம். கடல்தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. நான் ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாமல் தயிர்சாதப் பாத்திரத்தை மட்டும் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். உள்ளே மிஞ்சிய தண்ணீர் சூட்டில் வற்றி, உப்பு பாத்தி கட்டியிருந்தது. தூத்துக்குடிக்காரன் இன்ஜினில் உப்பு விளைவதில் ஆச்சரியம் என்ன? உப்பிட்ட கடலை அது உள்ளளவும் நினைத்துக்கொண்டிருந்தது. அந்த உப்புக்கு நடுவே, தெர்மோஸ்டாட்டின் கழுத்தில், கறுப்பாக நம் ஆறாவது இதழ். கேஷ் டாலி! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா துளசிச் செடி போச்சு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தெர்மோஸ்டாட் திறக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்று கையேடு சொன்னது. கார் தெர்மோஸ்டாட் 80 டிகிரிக்கு மேல்தான் திறக்கும். கடலில் ஓடும் அவுட்போர்டில் பெரும்பாலும் 50, 60 டிகிரியிலேயே திறந்துவிடும். அதற்கு மேல் சூடானால் கடல்தண்ணீர் உள்ளேயே படிமம் கட்டத் தொடங்கும். சோதனை சுலபம். ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தெர்மோஸ்டாட்டும் போட்டு அடுப்பில் வைத்து, தண்ணீர் சூடேறும்போது வாய் திறக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

மத்தியானம் இரண்டு மணி. வீட்டில் எல்லாரும் உறக்கம். அலமாரியில் இருந்த பாத்திரங்களில் தெர்மோஸ்டாட்டுக்கு அளவெடுத்தது போல இருந்தது ஒரே ஒரு குட்டிச் சொம்பு. தண்ணீர் ஊற்றி, அதைப் போட்டு, கேஸை ஏற்றினேன். திறப்பு எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று பார்க்கப் புறவாசலுக்குக் கையேட்டைத் தேடிப் போனேன். கையேட்டில் வேறு ஏதோ படித்தேன். சுவாரசியமாக இருந்தது.

திரும்பி வந்தபோது அடுப்பின் மேல் சொம்பு இல்லை. பர்னரைச் சுற்றி வெள்ளியாய் ஒரு குட்டிக் குளம். நடுவில் தீவு மாதிரி தெர்மோஸ்டாட். வாய் நன்றாகத் திறந்திருந்தது.

அது ஈயச்சொம்பு. கல்யாணச் சீரில் என் மாமியார் கும்பகோணத்திலிருந்து தருவித்துக் கொடுத்தது. 38 வருடமாக இந்த வீட்டு ரசம் அதில்தான் கொதித்தது. பேர்தான் ஈயம், உள்ளது வெள்ளீயம். அது 232 டிகிரியில் உருகும். உள்ளே ரசம் இருக்கிறவரை எந்த அடுப்பும் அதை ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீர் வற்றினால் ஒரு நிமிடம் தாங்காது. மனைவி வந்து பார்த்தாள். வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஈயச்சொம்பத் தண்ணி இல்லாம அடுப்புல வைக்கக் கூடாதுன்னு சின்னப்புள்ளைக்கித் தெரியும். ஒங்க இன்ஜினுக்கும் அதத்தான பத்து நாளாச் சொல்லிட்டு அலையுதீங்க?"

இன்ஜினின் குளிரூட்டும் முறையை இவ்வளவு சுருக்கமாகக் கையேட்டில்கூடப் போடவில்லை.

இந்த அவுட்போர்டு இன்ஜின் பிரபலமான கதையே ஓர் உருகல் கதைதான். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஓலே எவின்ரூட், விஸ்கான்சினில் ஒரு ஏரிக்கரைக்குத் தன் காதலியோடு உல்லாசமாகப் போனாராம். அவள் ஐஸ்கிரீம் கேட்டாள். மனுஷன் துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போய் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் ஐஸ்கிரீம் உருகிவிட்டது. அந்த ஆற்றாமையில்தான் படகில் மாட்டும் இன்ஜினைச் செய்யக் கிளம்பினார் என்று சொல்வார்கள். 1909-ல் விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார். அவர் மனைவி பெஸ், அந்த ஐஸ்கிரீம் கேட்ட அம்மாள்தான், வியாபாரத்தைக் கவனித்துக்கொண்டார். பெண்டாட்டிக்கு உருகியதைப் பார்த்து ஒருவர் இன்ஜின் செய்தார். இன்ஜினைப் பார்த்துப் பெண்டாட்டியின் சொம்பை உருக்கியவன் நான். இந்தக் கதையை அன்று ராத்திரி மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். "ஐஸ்கிரீம் வாங்கிட்டு வந்தாரா இல்லியா? அதச் சொல்லுங்க" என்றாள்.

புது தெர்மோஸ்டாட் போட்டேன். உப்பை வினிகர் விட்டுக் கரைத்தேன். ஓட்டினேன். சொட்டு நீலம்.

சொன்னபடி பத்தாம் நாள் மெக்கானிக் தம்பி வந்தான். புறவாசலில் பரப்பிக் கிடந்த ஸ்பேனர்களையும், சில்லு பெயர்ந்த குழவியையும், பட்டுப்போன துளசியையும் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. இன்ஜினை ஓட்டச் சொன்னான். மேல் மூடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சிலிண்டர் தலையில் நேராக உள்ளங்கையை வைத்தான். எடுக்கவில்லை. வைத்தபடியே நின்றான்.

"சார், அன்னைக்கித் தலை கொதிக்குன்னீங்களே, மூடியக் கழட்டிட்டுத் தொட்டீங்களா, மூடியத் தொட்டீங்களா?"

31 வருடம் இன்ஜின் பார்த்தவன் எதைத் தொட்டிருப்பான்?

"மூடியத்தான் தம்பி."

"வெயில்ல நின்ன மூடி சுடத்தான் செய்யும். தலை சுடலைன்னா தண்ணி உள்ள நல்லா ஓடுதுன்னு அர்த்தம். வெளிய காட்டதுக்குத்தான் வழி இல்ல." பையிலிருந்து ஒரு முழம் தங்கூசி எடுத்தான். தூண்டிலுக்குக் கட்டுகிற அந்தக் கண்ணாடி நரம்பு. பக்கவாட்டு ஓட்டைக்குள் விட்டு இரண்டு தடவை உருட்டினான். செம்மண் கட்டி ஒன்று விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு ஒரு காய்ந்த புழு. பிறகு தண்ணீர், மூன்றடி தள்ளி, எனக்குத் தெரிந்த பழைய வளைவோடு.

"குளவிக்கூடு சார். ரெண்டு மாசம் சும்மா போட்டா இந்த ஓட்டையத்தான் தேடி வரும்."

நான் மீன் பிடிக்காமல் தடைக்காலம் அனுசரித்த 61 நாளில் அது வீடு கட்டிக் குடியேறி முடித்திருந்தது. குழவியில் தட்டித் தொடங்கியது குளவியில் வந்து முடிந்தது. கழற்றியது, மாட்டியது, வாங்கியது, உருக்கியது எல்லாம் நானே உண்டாக்கிய சேதத்துக்கு நானே செய்த வைத்தியம். கூலி கேட்டேன். "நரம்பு விட்டதுக்கெல்லாம் என்ன சார் கூலி" என்றான். பிறகு என்னையும், வாசற்படியில் நின்ற மனைவியையும் மாறி மாறிப் பார்த்து, "குளவி கூடு கட்டுனா வீட்ல புள்ள பொறக்கும்பாங்களே சார்" என்றான். மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உள்ளே போய் மகளுக்கு போன் பண்ணி, இரண்டாவதைப் பற்றி ஏதாவது யோசனை உண்டா என்று கேட்டிருக்கிறாள். மகள் போனை வைத்துவிட்டாள்.

புது ஈயச்சொம்பு வந்துவிட்டது. இம்பெல்லரும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த விலையைவிட அதிகம். ரசத்தில் பழைய ருசி வரவில்லை என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது எனக்கு நினைவூட்டப்படுகிறது. இன்ஜினை ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுகிறேன். பக்கவாட்டு ஓட்டைக்கு ஒரு துணித் திரி அடைத்து வைக்கிறேன்.

ஒரே ஒரு சங்கடம் மட்டும் தீரவில்லை. காலையில் நான் புறவாசல் பக்கம் இருக்கும்போது, சமையலறையிலிருந்து மனைவி தினமும் ஒரு குரல் கொடுக்கிறாள்.

"தண்ணி வருதா?"

தெருக்குழாயைக் கேட்கிறாளா, இன்ஜினைக் கேட்கிறாளா, டாக்டர் மாத்திரையின் பலனைக் கேட்கிறாளா என்று எனக்குப் பிடிபடுவதில்லை. "நல்லா வருது" என்று சொல்லிவிடுகிறேன். சில நாள் அவள் குடத்தோடு வந்து நிற்கிறாள்.